நீதிபதி பத்ருத்தீன் தியாப்ஜி

உட்லண்ட்ஸ் பாலத்தைத் தாண்டி ஜோகூருக்குச் சரக்கு அனுப்பும் நம் வணிகர் எவரும், சரக்கு போய்ச் சேர்ந்தபின் பணம் வந்து சேரும் என்ற நம்பிக்கையின் பேரிலேயே அனுப்புகிறார். கொடுத்தது வராவிட்டால் கேட்பதற்கு ஒரு நீதிமன்றம் உண்டு என்ற தைரியத்தில்தான் கடன் கொடுக்கும் கை நீள்கிறது. அந்த நீதிமன்றம் அதிகாரத்துக்கு அஞ்சாததாக இருக்கவேண்டும் என்று பாடுபட்ட பெரியோர்களில் வணிகர் வீட்டுப் பிள்ளை ஒருவர் முன்வரிசையில் நிற்கிறார். அவரே மர்ஹூம் நீதிபதி பத்ருத்தீன் தியாப்ஜி.

அவர் 1844ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் தியாப் அலி, காம்பே நகரைப் பூர்வீகமாகக் கொண்ட சுலைமானி போரா வகுப்பைச் சேர்ந்த வியாபாரி. ஆங்கிலப் படிப்பு ஆகாது என்று நம்மவர் பலர் ஒதுங்கியிருந்த அந்நாளிலேயே தம் பிள்ளைகளை மேல்நாட்டுக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். அண்ணன் கம்ருத்தீன் 1858இல் இங்கிலாந்தில் சாலிசிட்டரானார். பத்ருத்தீன் 1860இல் லண்டன் சென்றார். இடையில் கண்நோய் வந்து, படிப்பை நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. மனந்தளராது மீண்டும் சென்று 1867இல் பாரிஸ்டரானார். அவ்வாண்டே பம்பாய் ஹைகோர்ட்டில் தொழில் தொடங்கினார். அந்நகரில் பாரிஸ்டராகத் தொழில் நடத்திய முதல் இந்தியர் அவரே.

வழக்குகள் குவிந்தன, செல்வமும் சேர்ந்தது. ஆயினும் பொதுப்பணியை அவர் மறக்கவில்லை. 1873இல் பம்பாய் நகரசபை உறுப்பினரானார். அஞ்சுமனே இஸ்லாம் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவராக இருந்து, ஏழைப் பிள்ளைகளின் கல்விக்கு வழி செய்தார்.

1883இல் இல்பர்ட் மசோதா வந்தது. வெள்ளையர் மீதுள்ள குற்றவழக்குகளை வெளியூர்களில் இந்திய நீதிபதிகளும் விசாரிக்கலாம் என்பதே அதன் சாரம். ஐரோப்பியர் கொதித்தெழுந்தனர். பம்பாய் டவுன் ஹாலில் கூடிய கூட்டத்தில் தியாப்ஜி மசோதாவை ஆதரித்துப் பேசினார். நீதிபதியின் தகுதி அவர் கற்ற சட்டத்திலும் நடுநிலையிலும் இருக்கிறதேயன்றித் தோலின் நிறத்தில் இல்லை என்பது அவருடைய கொள்கை. எதிர்ப்புக்கு இணங்கிய அரசாங்கம் 1884இல் மசோதாவின் வலுவைக் குறைத்தே சட்டமாக்கியது.

அதைவிட ஆழமான நோய் ஒன்று இருந்தது. ஜில்லா கலெக்டர் வரி வசூலிப்பார், போலீசை மேற்பார்ப்பார், மாஜிஸ்திரேட்டாக அமர்ந்து வழக்கையும் விசாரிப்பார். வாதியும் நீதிபதியும் ஒருவரேயானால் எளியவன் எங்கே போய் முறையிடுவான்?

இந்த நோய் நம் சிங்கப்பூரையும் ஒரு காலத்தில் பீடித்திருந்தது. 1826ஆம் ஆண்டு நீதிச்சாசனத்தின்படி கவர்னரும் ரெசிடெண்ட் கவுன்சிலரும் ரெக்கார்டருடன் நீதிபதிகளாக இருந்தனர். ரெக்கார்டர் கிளாரிட்ஜ் பயணச்செலவு பற்றிய தகராறில் இங்கு வர மறுத்தார். எனவே 1828இல் முதல் பெரிய குற்ற விசாரணையைக் கவர்னர் புல்லர்ட்டனே நடத்தினார். 1830இல் நிர்வாகச் செலவைக் குறைக்கக் கவர்னர் பதவி எடுக்கப்பட்டதும், சாசனம் குறித்த நீதிபதி இல்லையென்று நீதிமன்றமே மூடப்பட்டது. கடன் வசூலிக்க வழியின்றி வணிகர் தவித்தனர். லண்டன் பார்லிமெண்டுக்கு மனுச் செய்தனர். 1832இல்தான் கதவு மீண்டும் திறந்தது. கவர்னர் நீதிபதியாக இருக்கும் வழக்கம் ஒழிய 1868 வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இந்தியாவில் அந்த ஒழிப்பைக் கோரியது காங்கிரஸ் மகாசபை. 1887 டிசம்பரில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் கூடிய அதன் மூன்றாம் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் தியாப்ஜி. நிர்வாகத்தையும் நீதியையும் முழுவதும் பிரிக்கவேண்டும் என்ற தீர்மானம் அங்கே மீண்டும் வலியுறுத்தப்பட்டது.

1895இல் அவர் பம்பாய் ஹைகோர்ட் நீதிபதியானார். மேடையில் வேண்டியதை ஆசனத்தில் காட்டும் சோதனை 1897இல் வந்தது. ராஜத்துரோகக் குற்றம் சாட்டிப் பால கங்காதர திலகரை அரசாங்கம் சிறைப்படுத்தியது. மாஜிஸ்திரேட் ஜாமீன் மறுத்தார். ஹைகோர்ட்டிலும் முதலில் மறுக்கப்பட்டது. பின்னர் மனு தியாப்ஜியின் முன் வந்தது. திலகரின் அரசியல் வழி வேறு, அவர் வழி வேறு. அரசாங்கத்தின் மனமோ எல்லோருக்கும் தெரிந்தது. குற்றம் நிரூபணமாகுமுன் ஒருவரை அடைத்துவைத்து, பிறகு அவர் நிரபராதி என்று தெரிந்தால் அந்த அநியாயத்துக்கு யார் ஈடு செய்வது என்பதை மட்டுமே அவர் எண்ணினார், ஜாமீன் வழங்கினார். பிறகு வேறொரு நீதிபதியின் முன் நடந்த விசாரணையில் திலகருக்குப் பதினெட்டு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. அதனால் தியாப்ஜியின் உத்தரவு தவறாகிவிடவில்லை. விசாரணைக்கு முன்பே தண்டிக்கக்கூடாது என்பதே அவர் நிலைநாட்டியது.

நியாயமான கோரிக்கைக்குக் கடலுக்கு அப்பாலிருந்தும் துணை வந்தது. 1899இல் ஹாப்ஹவுஸ் பிரபுவும், முன்னாள் தலைமை நீதிபதிகளான கார்த், கௌச், சார்ஜெண்ட் ஆகியோரும், எகிப்தின் நீதிமன்றங்களைச் சீர்திருத்திய ஜான் ஸ்காட்டும், வேறு சிலரும் கையொப்பமிட்டு இந்திய மந்திரிக்கு மனுக் கொடுத்தனர். இந்தியாவில் நீதியைக் கலெக்டரின் கையிலிருந்து பிரிக்கவேண்டும் என்று ஆங்கிலேய நீதிபதிகளே கேட்டது சிறிய காரியமன்று.

1902இல் தியாப்ஜி பம்பாயின் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் இருந்தார். 1906ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் லண்டனில் காலமானார். கோரிய மாற்றத்தைக் கண்ணாரக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1950இல் இந்திய அரசியல் சட்டம் அந்தப் பிரிவினையை அரசாங்கத்தின் கடமையாக்கியது. 1974இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டம் அதை நாடெங்கும் நிலைப்படுத்தியது. 1985இல் நீதித்துறைச் சுதந்திரத்துக்கான அடிப்படைக் கோட்பாடுகளை ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, உலகுக்கே பொதுவாக்கியது.

வெளியார் துணை நிற்கலாம், சாசனங்கள் எழுதப்படலாம். ஆனால் ஆசனத்தில் அமர்ந்தவரின் நெஞ்சு நேராக இல்லாவிட்டால் அவையெல்லாம் காகிதமே. தராசைப் பிடிப்பவன் கை நடுங்கக்கூடாது என்பது கடையில் நிற்கும் நமக்குத் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தை நீதியாசனத்தில் நடத்திக் காட்டிய பெருமகனை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துவோமாக.