நம் மண்ணின் மனிதர்கள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் இல்லறம்



பள்ளித் தேர்வுகள் முடிந்து மாற்றல் உத்தரவுகள் வரும் காலம் இது. நம் வளாக வாசலில் சாமான் லாரி நிற்காத வாரமே இல்லை. ஒரு குடும்பம் காலி செய்கிறது, இன்னொரு குடும்பம் பால் காய்ச்சுகிறது. யாருடைய வேலைக்காக இந்த மாற்றம், இதனால் யாருடைய வேலை நின்றுபோகிறது என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் ஒரே விடைதான் வரும். அது என்னவென்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்த இதழுக்கு நம் புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேர்ந்தெடுத்தோம். அவர் செய்த பொதுப்பணிகளைப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அந்தப் பணிகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு திருமணம் இருந்தது. அதைப் பற்றித்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

புதுக்கோட்டை சமஸ்தானத்தில் அன்று மூன்றே வட்டங்கள்: நம் குளத்தூர், ஆலங்குடி, திருமயம். தொண்டைமான் மன்னர்களின் ஆட்சி. 1886 ஜூலை 30 அன்று தலைநகரான புதுக்கோட்டையில் முத்துலட்சுமி பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். இந்த உறவுக்காக ஐயரை அவருடைய சொந்தங்கள் ஒதுக்கி வைத்தார்கள். பிற்காலத்தில் திரையில் புகழ்பெற்ற ஜெமினி கணேசனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். முத்துலட்சுமி அவருக்கு அத்தை முறை.

பெண் வயதுக்கு வந்ததும் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும் காலம் அது. அம்மாவுக்கு அந்தக் கவலை இருந்தது. அப்பாவோ மகளை வீட்டிலேயே உட்கார வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1902-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். அடுத்தது கல்லூரி. மகாராஜா கல்லூரியோ ஆண்கள் படிக்கும் இடம். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுவிடுவார்கள் என்று ஊரில் எதிர்ப்பு கிளம்பியது. அம்மாவின் குலத்தைச் சொல்லியும் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதையெல்லாம் தள்ளிவிட்டு அனுமதி கொடுத்தார். 1904-இல் அந்தக் கல்லூரியின் ஒரே மாணவியாக முத்துலட்சுமி நுழைந்தார்.

1907-இல் மருத்துவம் படிக்கச் சென்னைக்குப் புறப்பட்டார். புதுக்கோட்டைக்கு அப்போது ரயில் கிடையாது. 1929-இல்தான் திருச்சியிலிருந்து இருப்புப் பாதை வந்தது. அதுவரைக்கும் திருச்சிக்குப் போக, நம் வட்டத்துக் கீரனூரைத் தாண்டிச் செல்லும் சாலையில் வண்டி கட்டித்தான் போக வேண்டும். அந்தத் தூரத்தை இன்று பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறீர்கள்.

இங்கே ஒரு சிறு திருத்தம். முத்துலட்சுமிதான் முதல் பெண் மருத்துவர் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது சரியல்ல. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே நான்கு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். முத்துலட்சுமி 1912-இல் பரிசுகளோடும் பதக்கங்களோடும் தேறி, எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தார். அவருக்கு இந்தப் பெருமையே போதும்.

இனி திருமணத்துக்கு வருவோம். அவருக்கு வயது இருபத்தேழு. அந்த நாளில் அந்த வயதில் பாதிப் பேர் பாட்டியாகத் தயாராகிக்கொண்டிருப்பார்கள். திருமணமே வேண்டாம் என்றுதான் முத்துலட்சுமி இருந்தார். கட்டுப்பட்டு வாழும் மனைவியாக இருக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. அப்போதுதான் டாக்டர் சுந்தர ரெட்டியின் வரன் வந்தது. அவர் எஃப்.ஆர்.சி.எஸ். பட்டம் பெற்ற அறுவை மருத்துவர். சாதி வேறு, தாய்மொழி தெலுங்கு.

முத்துலட்சுமி ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களில் குறுக்கிடக் கூடாது. அவ்வளவுதான். நகை, வீடு, ஊர் எதைப் பற்றியும் அதில் பேச்சு இல்லை. சுந்தர ரெட்டி ஒப்புக்கொண்டார். 1914 ஏப்ரலில் 1872-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின்படி இருவரும் மணந்துகொண்டார்கள். சாதி விட்டு மணப்பவர்களுக்கு அன்று அந்தச் சட்டம்தான் வழி. அதில் ஒரு சிக்கலும் இருந்தது. அதன்படி மணப்பவர்கள் தாங்கள் இந்து மதத்தையோ மற்ற பெரிய மதங்களையோ சேர்ந்தவர்கள் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பந்தல், மேளம், சீர்வரிசை என்று நடக்கும் கல்யாணங்களுக்கு நடுவே இவர்கள் இப்படித் தொடங்கினார்கள்.

நிபந்தனை போடுவது எளிது. வாழ்க்கை அதைச் சோதித்துப் பார்க்கும். ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்று இரண்டு மகன்கள் பிறந்தார்கள். வீடு, மருத்துவத் தொழில், பிள்ளைகள் என்று மூன்றையும் முத்துலட்சுமி இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தங்கை புற்றுநோய் வந்து இறந்தார். ஒரு மருத்துவராக இருந்தும் கூடப்பிறந்தவளைக் காப்பாற்ற முடியவில்லை என்பது அவர் மனத்தில் ஆறாமல் கிடந்தது.

1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்களில் மேல்பயிற்சி பெற லண்டன் செல்ல அவருக்கு அரசு உதவித்தொகை கிடைத்தது. இன்றைக்கு நம் வளாகத்தில் ஒரு பெண்ணுக்கு வெளிநாட்டு வாய்ப்பு வந்தால் வீட்டில் என்னென்ன பேச்சு எழும் என்று யோசித்துப் பாருங்கள். பிள்ளைகளின் படிப்பு என்னாவது? மாமியாரை யார் பார்த்துக்கொள்வது? ஒரு வருடம் தள்ளிப்போடக் கூடாதா? நூறு வருடத்துக்கு முன்னால் அந்தக் குடும்பம் மொத்தமாகக் கப்பலேறியது. கணவரும் இரண்டு மகன்களும் கூடவே சென்றார்கள். மனைவியின் படிப்புக்காகக் கணவர் ஊர் மாறினார். லண்டனில் பயிற்சி பெற்றுக்கொண்டே, 1926-இல் பாரிஸில் நடந்த அனைத்துலகப் பெண்கள் மாநாட்டிலும் முத்துலட்சுமி கலந்துகொண்டார்.

ஊர் திரும்பியதும் வாழ்க்கை இன்னொரு பக்கம் திரும்பியது. சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921-லேயே வாக்குரிமை வந்துவிட்டது. ஆனால் சட்டசபையில் உட்காரும் உரிமை 1926-இல்தான் வந்தது. இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரை முன்வைத்தது. அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. மருத்துவத் தொழில் பாதிக்கப்படும் என்று தயங்கினார். கடைசியில் நியமனத்தை ஏற்றார். சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரான அவரை 1927-இல் உறுப்பினர்கள் ஒருமனதாகத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டசபையில் இருந்த சுமார் மூன்றரை ஆண்டுகளில் அவர் செய்த வேலை கொஞ்சமல்ல. கோயில்களுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று 1927-இல் தீர்மானம் கொண்டுவந்தார். அவருடைய அம்மா எந்த மரபில் பிறந்தார் என்பதை ஊரே அறியும். எதிர்த்தரப்பு அதைச் சொல்லிக் காட்டும் என்று தெரிந்தும் எழுந்து நின்று பேசினார். 1929-இல் வந்த சட்டத்திருத்தம், தேவதாசிகள் கோயில் ஊழியத்தை விட்டாலும் மானிய நிலம் அவர்களிடமே இருக்க வழி செய்தது. நிலம் போய்விடும் என்ற பயம்தான் பல குடும்பங்களை அந்த வழக்கத்தோடு கட்டிப் போட்டிருந்தது. பொட்டுக்கட்டுவதை முழுமையாகத் தடுக்கும் சட்டம் 1947-இல் வந்தது. இடையில் இருபது வருடப் போராட்டம்.

அதே காலத்தில் நாட்டின் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் அவர் உறுப்பினர். அந்தப் பணிக்காக இந்தியாவின் பல மாகாணங்களுக்கும் பயணம் செய்தார். 1931-இல் லாகூரில் கூடிய அகில இந்திய மாதர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். ரயிலில் நாள்கணக்கில் போக வேண்டிய பயணங்கள். வளரும் பிள்ளைகள் உள்ள ஒரு வீட்டின் தாய் இப்படி ஊர் ஊராகப் போய்வர முடிந்தது என்றால், வீட்டில் இருந்தவர்கள் அதற்கு ஈடுகொடுத்திருக்க வேண்டும். 1914-இல் கொடுத்த வாக்கு இப்படி ஒவ்வொரு நாளும் கடைப்பிடிக்கப்பட்டது.

1930 மே மாதம் காந்தியடிகள் கைதானபோது, எதிர்ப்புத் தெரிவித்துச் சட்டசபைப் பதவியை முத்துலட்சுமி விட்டு விலகினார். ஏறக்குறைய அதே சமயத்தில் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் மூன்று பேர் அடைக்கலம் தேடி வந்தார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ள விடுதி எதுவும் முன்வரவில்லை. முத்துலட்சுமி தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் பிறந்தது இப்படித்தான். இதைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சட்டசபைத் தீர்மானம் வீட்டுக்கு வெளியே நடப்பது. சிறுமிகளை வீட்டில் வைத்து வளர்ப்பது கணவரும் பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் பங்கு போட்டுக்கொள்வது. உறவுக்காரர் பிள்ளை ஒரு மாதம் தங்கினாலே எவ்வளவு இடம் மாற்ற வேண்டியிருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

வயதான பிறகும் அவர் ஓய்ந்து உட்காரவில்லை. தங்கையின் மரணம் மனத்தில் இருந்தது. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று பல வருடங்கள் சொல்லிப் பார்த்தார். அரசாங்கம் அசையாததால் மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டினார். 1952-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. லண்டன் கப்பலில் கூடவந்த சிறுவன் கிருஷ்ணமூர்த்தி இப்போது மருத்துவராகி அதை நடத்த முன்வந்தார். அடுத்த வருடம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். இருவரும் தங்கள் வாழ்நாளை அங்கேயே செலவிட்டார்கள்.

1956-இல் முத்துலட்சுமிக்குப் பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22 அன்று, 82-ஆவது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருக்கும்போது காலமானார். இன்று தமிழக அரசு கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரில் நடக்கிறது. நம் வளாகத்தில் வீட்டு வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வரும் பெண்களில் தகுதி உள்ளவர்கள் இருந்தால், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ பதிவு செய்யும்படி எடுத்துச் சொல்லுங்கள்.

மருத்துவர், சட்டசபை உறுப்பினர், இல்லத்தின் நிறுவனர், மருத்துவமனையின் நிறுவனர் என்று ஒரே வாழ்க்கையில் நான்கு முறை பாதை மாறினார் முத்துலட்சுமி. அதில் ஒரு தடவைகூட இது யாருக்காக என்ற கணக்கைத் திருமணத்துக்குப் பிறகு புதிதாகப் போட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பேச்சைத் தாலிக்கு முன்பே முடித்துவிட்டார்கள். நம்மில் பலர் அதைப் பேசாமலே பத்து, இருபது வருடம் ஓட்டிவிட்டோம். பரவாயில்லை, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகும் பேசலாம். அடுத்த மாற்றல் உத்தரவு வருவதற்கு முன்னால் பேசிவிடுவது நல்லது.

வரும் ஜூலை 30 அவருடைய பிறந்தநாள். அன்று மாலை சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்ல விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். தம்பதியாக வந்து சொன்னால் இன்னும் நன்றாக இருக்கும்.