வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுதேசிக் கப்பற் கம்பெனியும்

வாணிகம் தழைப்பதற்கு அரசின் துணை இன்றியமையாதது. சாலையிற் கள்வர் பயமின்றிச் சரக்குச் செல்வதும், எழுதிக்கொடுத்த உடன்படிக்கை நியாயஸ்தலத்திற் செல்லுபடியாவதும், நாணயத்தின் மதிப்பு மாறாதிருப்பதும் அரசினாலேயே ஆகும். ஆனால் காவல் நிற்க வேண்டிய அரசு, வணிகருள் ஒருவர் பக்கமாகச் சாய்ந்து, மற்றவரை நசுக்கத் தன் கையை நீட்டுமாயின், அங்கே வாணிகமும் கெடும். அரசின் நடுநிலைமையும் கெடும். இவ்வுண்மையை நூல்களால் அறிவதைவிட, நம் தென்கரையில் வாழ்ந்து மறைந்த ஒரு பெரியாரின் சரித்திரத்தால் நன்கு அறியலாம். அவர் கப்பலோட்டிய தமிழர் என்று போற்றப்படும் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள். அவருடைய தேசபக்தியைப் பலரும் பலவிடத்தும் புகழ்ந்துள்ளனர். நாம் இங்கு அவரை ஒரு வணிகக் கூட்டத்தின் தலைவராக வைத்து நோக்கப் புகுகின்றோம்.

பிள்ளையவர்கள் திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி தோன்றினார். தந்தையார் உலகநாத பிள்ளை வக்கீல் தொழிலிற் பேர்பெற்றவர். தாயார் பரமாயி அம்மாள். தாமும் சட்டம் பயின்று, தந்தையார் தொழிலையே மேற்கொண்டு, 1900-ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடியேறினார். தமிழ் நூல்களிலும் சைவ சித்தாந்தத்திலும் அவருக்கு நிரம்பிய பற்று உண்டு. வறியவர் வழக்குகளைக் கூலி கருதாது எடுத்து நடத்தியமையால் ஊராரின் நம்பிக்கைக்குப் பாத்திரரானார். பிற்காலத்தில் அவர் கேட்டபொழுது மக்கள் பணம் கொடுத்தமைக்கு இந்நம்பிக்கையே முதற்காரணமாகும்.

அக்காலத்தில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சரக்கும் பயணிகளும் பெருவாரியாகச் சென்று வந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் கூலியாட்கள், அரிசி, துணி, கருவாடு முதலியன யாவும் கடல் கடந்தே போகவேண்டும். அக்கடல்வழி பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் ஆங்கிலக் கம்பெனியின் கையில் இருந்தது. இக்கம்பெனி பிறந்த வரலாறே நோக்கத்தக்கது. 1856-ஆம் ஆண்டு கல்கத்தாவுக்கும் ரங்கூனுக்கும் இடையே துரைத்தனத்தாரின் தபாலைக் கொண்டுசெல்லும் ஒப்பந்தத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு வேறொரு பெயருடன் தொடங்கி, 1862-ல் இப்பெயர் பூண்டது. ஆகவே சர்க்கார் பணமும் சர்க்கார் ஆதரவும் அதற்குத் தாய்ப்பால் போன்றன. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகளாக இருந்தவர் ஹார்வி கம்பெனியார். அவர்களே அவ்வூரிலுள்ள கோரல் மில் என்னும் பஞ்சாலையையும் நிர்வகித்தனர். இதனை வாசகர்கள் நினைவிற் கொள்வார்களாக.

உள்ளூர் வணிகர் சிலர் முன்னர்ப் பிறரிடம் கப்பலை வாடகைக்கு அமர்த்தி இவ்வழியில் ஓட்டிப் பார்த்தனர். வாடகைக் கப்பலை நம்பிய முயற்சி, கப்பலுக்குடையவர் மனம் மாறியவுடன் வீழ்ந்துபோயிற்று. சொந்தக் கப்பல் இல்லாதவன் கடலில் வாணிகம் செய்ய இயலாது என்பதைப் பிள்ளையவர்கள் உணர்ந்தனர். 1905-ஆம் ஆண்டு வங்காளத்தைக் கர்ஸான் பிரபு இரண்டாகப் பிரித்ததன் பயனாய் நாடெங்கும் எழுந்த சுதேசிய உணர்ச்சியும் துணைநின்றது. 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி முறைப்படி ரிஜிஸ்தர் செய்யப்பெற்றது. மூலதனம் 10 லக்ஷம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாயாக 40,000 பங்குகள். பெருந்தனவந்தர் மட்டுமன்றிச் சிறுகடைக்காரரும் பங்குதாரராக வேண்டும் என்னும் கருத்தினாலேயே பங்கின் விலை இவ்வளவு குறைவாக வைக்கப்பட்டது போலும்.

இக்கம்பெனியை நடத்த முன்வந்தோரின் பெயர்களை நம் சமூகத்தார் ஊன்றி நோக்குதல் வேண்டும். தலைவர், மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். 8,000 பங்குகளை எடுத்து 2 லக்ஷம் ரூபாய் அளித்தவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட். சட்ட ஆலோசகர்களுள் ஒருவர் சேலம் விஜயராகவாசாரியார். பிள்ளையவர்கள் உதவிக் காரியதரிசி. தேவரும், சேட்டும், ஆசாரியாரும், பிள்ளையும் ஒரே ஏட்டில் கையொப்பமிட்டனர். தம் குலத்தார் நலத்துக்கென ஒன்றுகூடும் நம்போன்ற சங்கங்களுக்கும் இஃதொரு பாடமாகும். ஒரு குலத்தின் பொருள் கொண்டு கடை வைக்கலாம். கப்பல் விடுதல் அரிது.

கப்பல் வாங்கும் பொருட்டுப் பிள்ளையவர்கள் பம்பாய் சென்றார். கப்பலுடனன்றித் திரும்பேன், இன்றேல் கடலில் விழுந்து உயிர்விடுவேன் என்று சூளுரைத்தே புறப்பட்டார் என்பர். அவ்வமயம் மூத்த மகன் நோயுற்றிருந்தான், மனைவியார் கருவுற்றிருந்தார். எனினும் எடுத்த காரியத்தை விட்டாரிலர். 1907-ல் காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் தூத்துக்குடித் துறையை அடைந்தன. காலியாவில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் ஏற்றத்தக்க இடம் இருந்தது. மக்கள் கடற்கரையில் திரண்டு மகிழ்ச்சி ஆரவாரம் செய்தனர்.

இனிப் போட்டி தொடங்கிற்று. ஆங்கிலக் கம்பெனியார் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்தனர். சுதேசிக் கம்பெனியாரும் குறைத்தனர். ஈற்றில் அவர்கள் கட்டணமின்றியே ஏற்றிச் செல்வதாகவும், ஏறினவர்க்குக் குடை ஒன்று இனாமாகக் கொடுப்பதாகவும் கூறினர் என்பது இன்றளவும் அப்பக்கத்தாரிடையே வழங்கும் செய்தி. விலையைக் குறைத்துப் போட்டியிடுதல் வாணிகத்தில் இயல்பேயாம். பல துறைமுகங்களில் லாபம் பெறும் பெருங்கம்பெனி ஒரு துறைமுகத்தில் நஷ்டத்தைத் தாங்கும். இரண்டே கப்பலுடையது தாங்காது. ஆயினும் இத்துடன் நின்றிருப்பின், நம்மவர் கப்பலில்தான் ஏறுவோம் என்ற மக்களின் அபிமானம் அவ்விரண்டு கப்பல்களையும் காத்திருத்தலும் கூடும்.

அவ்வாறு நிற்கவில்லை. துரைத்தனத்து உத்தியோகஸ்தர் பலர் இப்போட்டியை இரண்டு வணிகரின் வழக்காகக் கருதாமல், தம் ஆட்சிக்கே நேர்ந்த எதிர்ப்பாகக் கருதினர். சுதேசிக் கப்பலைச் சார்ந்தோர்க்கு அதிகாரிகளால் இடையூறுகள் விளைந்தன என்ற முறையீடு ஓயாது எழுந்தது. இங்கு நாம் ஒன்றை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். கப்பல் புறப்பட அனுமதி தருவோர் சர்க்கார் ஆட்கள். பயணியின் உடல்நிலையைச் சோதிப்போர் சர்க்கார் ஆட்கள். சுங்கம் வாங்குவோரும் அவர்களே. இவர்களுள் ஒருவர் வெளிப்படையாக யாதொரு தீங்கும் செய்யாமலே, ஒரு கையொப்பத்தை ஒரு நாள் தாமதிப்பதனால் ஒரு கம்பெனியை நஷ்டப்படுத்தலாம். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பெயரில்லை. கணக்குப் புத்தகத்தில் உண்டு.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாத இறுதியில் கோரல் மில் தொழிலாளர் கூலி உயர்வும் ஓய்வு நாளும் வேண்டி வேலைநிறுத்தம் செய்தனர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். சில நாட்களில் நிர்வாகத்தார் இணங்கினர். கப்பற் போட்டியில் எதிர்நின்ற அதே ஹார்வி கம்பெனியாரே ஆலையிலும் எதிர்ப்பக்கத்தில் இருந்தமையால், துறைமுகத்துப் பகை ஆலைப்பகையும் ஆயிற்று. மார்ச் 12-ஆம் தேதி பிள்ளையவர்களும் சிவாவும் சிறைப்படுத்தப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கலகம் மூண்டது. திருநெல்வேலியில் போலீஸார் சுட்டதில் நால்வர் மாண்டனர்.

வழக்கை விசாரித்த பின்ஹே என்னும் நீதிபதி 1908 ஜூலை 7-ஆம் தேதி, ராஜத்துரோகக் குற்றத்துக்கும், சிவாவுக்கு உடந்தையாயிருந்த குற்றத்துக்குமாக இரண்டு ஆயுள் தண்டனைகள் விதித்தனர். மேல் விசாரணையில் ஹைகோர்ட்டார் அதனை ஆறு ஆண்டாகக் குறைத்தனர். கோயமுத்தூர்ச் சிறையிலும் பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் வருந்தினார்; மாடு இழுக்கும் செக்கை இழுத்தார். மக்கட்கு ஒரு கப்பலைத் தந்த கைகள் செக்குத்தடியைப் பற்றின.

இவற்றினும் நம் நெஞ்சை மிக வருத்துவது வேறொன்றுண்டு. பிள்ளையவர்கள் சிறைப்பட்ட பின்னர்க் கம்பெனியின் கதி யாதாயிற்று? சர்க்கார் அதனைப் பறிமுதல் செய்யவில்லை. மூடும்படி கட்டளையிடவும் இல்லை. அதற்குத் தேவையே ஏற்படவில்லை. அதிகாரிகளின் முகத்தைப் பார்த்து வாழும் தனவந்தர் அஞ்சினர், பங்குதாரர் ஊக்கமிழந்தனர். 1911-ஆம் ஆண்டு கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல் பகைவராகிய ஆங்கிலக் கம்பெனிக்கே விற்கப்பட்டது என்னும் செய்தி சிறையிலிருந்த அவர் செவிக்கு எட்டியபொழுது, செக்கிழுத்ததினும் அஃது அவரைத் துன்புறுத்தியிருக்குமென்பதில் ஐயமில்லை. அவ்வாண்டு ஜூன் 17-ஆம் தேதி கலெக்டர் ஆஷ் மணியாச்சியில் வாஞ்சிநாதனால் சுடப்பட்டு இறந்தனர். நடுநிலைமையின்மீது மக்கள் நம்பிக்கை இழக்குமிடத்துக் கொடுஞ்செயல்கள் தலைதூக்கும் என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

1912 டிசம்பரில் அவர் விடுதலையடைந்தார். வரவேற்கக் கூட்டமில்லை. வக்கீல் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையிலும் கோயமுத்தூரிலும் பலவாறு உழன்று குடும்பத்தைக் காத்தார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதி அவருக்கு வக்கீல் உரிமையைத் திரும்பக் கிடைக்கச் செய்தனர். நன்றி மறவாத பிள்ளையவர்கள் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டனர். வறுமையிலும் அவர் தமிழ்ப்பணியை விட்டாரல்லர். திருக்குறளுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தனர். தொல்காப்பியத்து இளம்பூரணர் உரையையும் வெளியிட்டனர். சிவஞானபோதத்துக்கு உரை எழுதினர். 1936 நவம்பர் 18-ஆம் தேதி தூத்துக்குடியில் காலமானார். அவர் எழுதுவித்த மரண சாஸனத்தில் துணிக்கடைக்கும் எண்ணெய்க்கடைக்கும் தாம் கொடுக்கவேண்டிய பாக்கிகள் குறிக்கப்பட்டுள்ளன. லக்ஷங்களை ஆண்ட கைக்கு இறுதியில் எஞ்சியவை அக்கடன்களும், அவற்றை மறைக்க விரும்பாத நேர்மையுமே.

பிள்ளையவர்கள் அரசியலையும் வாணிகத்தையும் கலந்தமையாற்றான் கம்பெனி வீழ்ந்தது என்று கூறுவாரும் உளர். இக்கூற்றை நாம் முற்றும் தள்ளிவிடுவதற்கில்லை. மேடையில் அவர் பேசிய பேச்சு, பங்குதாரரின் பணத்தையும் ஆபத்துக்குள்ளாக்கிற்று என்பது மெய்யே. ஆனால் அரசியலை வாணிகத்தினுள் முதலிற் புகுத்தியவர் யார்? தபால் ஒப்பந்தத்தால் வளர்ந்து, அதிகாரிகளின் அன்பால் காக்கப்பட்ட கம்பெனியை, அரசியல் அறியாத வெறும் வாணிகம் என்று எவரும் சொல்லார். எதிரியின் கப்பலில் அரசு ஏறியிருக்கும்போது, அரசியலைப் பேசாமல் கப்பலோட்டுவது எங்ஙனம்? 1919-ல் பம்பாயில் தோன்றிய ஸிந்தியாக் கப்பற் கம்பெனியாரும் இதே தடையைக் கண்டனர். கரையோரப் போக்குவரத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்கவேண்டுமென்று 1928-ல் எஸ். என். ஹாஜி சட்டசபையில் மசோதாக் கொணர நேர்ந்ததும் இதனாலேயே. அஃது அக்காலத்திற் சட்டமாகவில்லை. சுதந்தரம் வந்த பின்னரே அவ்வெண்ணம் நிறைவேறிற்று.

அந்நிய ஆட்சி நீங்கி நெடுங்காலமாயிற்று. தூத்துக்குடித் துறைமுகம் இன்று வ. உ. சிதம்பரனார் பெயரையே தாங்கி நிற்கின்றது. ஆயினும், ஆட்சியாளர் மாறினமையால் மட்டும் அப்பழைய நோய் தீர்ந்துவிடாது. லைசென்ஸ், டெண்டர், வரிச்சலுகை என்பவற்றில் யார் பக்கம் அதிகாரியின் பேனா சாயும் என்ற கேள்வி எந்நாட்டிலும் எக்காலத்தும் உள்ளதே. ஆகவே வாணிகத்தில் நிற்கும் நம்மவர்க்கு இச்சரித்திரம் இரண்டு கடமைகளை உணர்த்துகின்றது. போட்டியாளரை வெல்லும் பொருட்டு அதிகாரியின் கதவைத் தட்டாதிருத்தல் ஒன்று. தட்டிய கை இன்று நம்முடையதாயின், நாளை பிறருடையதாகும். நல்ல முயற்சியில் பங்கெடுத்த பின், அதன் தலைவர்க்கு இடர் வந்த நாளில் பங்கைக் கைவிட்டு ஓடாதிருத்தல் மற்றொன்று. முன்னதைச் செய்தல் அறிவு; பின்னதைச் செய்தல் ஆண்மை. அன்று 25 ரூபாய் கொடுத்த எளியவர்கள் எவரும் பெயர் பெற்றிலர். எனினும் அவர்கள் கொடுத்த காசினால் ஒரு கப்பல் கடலில் ஓடிற்று. அவர்களுடைய வழித்தோன்றல்கள் நம்மிடையிலும் இருக்கலாம். அவர்தம் நம்பிக்கை நம் மனத்திலும் நிலைபெறுமாறு எல்லாம் வல்ல இறைவன் அருள்புரிவானாக.