கோல் பெற்ற வன்தொண்டர்

தொண்டை நாட்டின் வடகிழக்கே, கடலோரமாகத் திருவொற்றியூர் தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரை இந்நாளில் ஆலைகளும் புகைபோக்கிகளும் நிரைநிரையாக நிற்கின்றன. இரவும் பகலும் சரக்கு ஏற்றிய லாரிகள் அவ்வழியே ஓடுகின்றன. அச்சாலையை விட்டுச் சற்றே விலகிச் சென்றால் ஞாயிறு என்னும் சிற்றூர் உண்டு. இங்கிருந்து மேற்கே, திருவள்ளூருக்கு அருகில், சென்னை மாநகருக்குக் குடிநீர் அளிக்கும் பூண்டி ஏரி இருக்கிறது. ஞாயிறும் பூண்டியும் ஒருவருடைய வாழ்வின் பெருந்துயரோடு பிணைந்தவை. அவர் சைவ சமயக் குரவர் நால்வருள் ஒருவராகிய சுந்தரமூர்த்தி நாயனார்.

திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகப் பிறந்தவர் சுந்தரர். அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் நம்பியாரூரர். அவர் எட்டாம் நூற்றாண்டினர் என்பது அறிஞர் பலர் கருத்து. தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய குழந்தையைக் கண்டு அன்பு கொண்ட நரசிங்கமுனையரையர் என்னும் குறுநில மன்னர், பெற்றோரிடம் வேண்டிப் பெற்று, அரச செல்வத்தோடு வளர்த்தார். அந்தணர் குலத்து ஒழுக்கமும் அரசர் குலத்துச் செல்வமும் அவரிடம் ஒருங்கே அமைந்தன.

புத்தூரில் திருமணப் பந்தலில் அமர்ந்திருந்தபொழுது, முதியவர் ஒருவர் ஓலை ஒன்றைக் காட்டி, மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று வழக்கிட்டார். சுந்தரர் சினந்து அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் சென்றது. மூல ஓலையில் இருந்த கையெழுத்து, பாட்டனாரின் கையெழுத்தே என்று அவையினர் ஒப்பிட்டுத் தெளிந்தனர். தோற்ற சுந்தரர் முதியவரைப் பின்தொடர, அவர் கோயிலுக்குள் புகுந்து மறைந்தார். இறைவனோடு வன்மை பேசியமையால் வன்தொண்டர் என்னும் பெயர் அன்று வந்தது. பிறகு திருவாரூரில் இறைவன் தம்மையே தோழராகத் தந்தருளினார் என்பர். ஆதலின் அவருக்குத் தம்பிரான் தோழர் என்றும் ஒரு பெயர் உண்டு.

அந்தத் தோழமையால் அவர் பெற்ற பேறுகள் பல. திருவாரூரில் பரவையாரை மணந்தார். அங்கேதான், பின்னாளில் பெரியபுராணத்துக்கு முதல்நூலாக அமைந்த திருத்தொண்டத்தொகையைப் பாடினார். குண்டையூரில் நெல் வேண்டினார், மலைபோல் குவிந்தது. திருமுதுகுன்றத்தில் பொன் பெற்று மணிமுத்தாற்றில் இட்டு, ஆரூர்க் குளத்தில் எடுத்தார். கேட்டது கிடைக்கும், கேட்க நாணவும் வேண்டுவதில்லை என்ற நிலையில் அவர் வாழ்வு நடந்தது. துன்பம் என்பதை அவர் அதுகாறும் நேரில் கண்டதில்லை என்றே சொல்லலாம்.

இத்தகையவர் தலங்கள் பலவற்றை வழிபட்டுக்கொண்டு திருவொற்றியூர் வந்தார். அங்கே ஞாயிறு கிழாரின் மகளாகிய சங்கிலியார், கோயிலை அடுத்த கன்னிமாடத்தில் தங்கி இறைவனுக்கு மாலை தொடுக்கும் பணி செய்துவந்தார். சிவனடியார் ஒருவரையன்றி மணப்பதில்லை என்ற உறுதியால் பெற்றோர் ஊரை விட்டு வந்தவர் அவர். சுந்தரர் அவரைக் கண்டு விரும்பி, மணமுடித்துத் தருமாறு இறைவனையே வேண்டினார். ஆரூரில் மனைவி இருக்கும்பொழுது இவர் இங்கே நிலைத்திருப்பாரோ என்று சங்கிலியார் ஐயுற்றார். ஐயம் நியாயமானதே. ஒற்றியூரை விட்டு நீங்குவதில்லை என்று சுந்தரர் சூளுரைக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

சுந்தரர் இங்கும் தோழமை உரிமையை நம்பி ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். திருமுன்னிலையில் சூளுரைத்தால் அதை மீற இயலாது. ஆகவே தாம் உறுதி கூறும் வேளையில் இறைவன் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் சென்று இருத்தல் வேண்டும் என்று வேண்டினார். இறைவனும் இசைந்தார். ஆனால், அன்றிரவே சங்கிலியார் கனவில் தோன்றி, கோயிலுக்குள் வேண்டா, மகிழமரத்தடியில் உறுதி பெறுக என்றும் அறிவித்துவிட்டார். மறுநாள் தோழியர் மகிழடியைச் சுட்டியபொழுது சுந்தரர் திகைத்தார். மறுக்க வழியில்லை. மரத்தை வலம்வந்து, பிரியேன் என்று உறுதி கூறினார். தமக்காக அவர் அவ்வாறு சூளுற நேர்ந்ததைக் கண்டு சங்கிலியார் உள்ளம் வருந்தி மறைந்து நின்றார் என்று சேக்கிழார் கூறுவது அப்பெருமாட்டியின் இயல்பைக் காட்டும். திருவொற்றியூரில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை என்னும் பெயரால் இந்நிகழ்ச்சி இன்றும் கொண்டாடப்படுகிறது.

நாட்கள் சென்றன. இளவேனில் வந்தது, தென்றல் வீசியது. ஆரூரில் வசந்த விழா நடைபெறும் காலம் அது. அவ்விழாவும், அதில் ஆடிப் பாடும் பரவையாரும் சுந்தரர் நினைவில் எழுந்தனர். ஏக்கம் மிகுந்தது. ஒருநாள் கோயிலை வணங்கிவிட்டு ஊர் எல்லையைக் கடந்தார். கடந்த அந்நொடியே இரு கண்களும் ஒளி இழந்தன.

சுந்தரர் மயங்கி விழுந்தார். எழுந்தபின் தாம் சூள் பிழைத்தமையே இதற்குக் காரணம் என்பதை உணர்ந்தார். தம் பிழையை அவர் மறைக்கவில்லை, பிறர்மேல் ஏற்றவும் இல்லை. ஆயினும், தோழர் என்று கொண்டாடியவர் இவ்வாறு செய்யலாமோ என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. பிழையை ஒப்புக்கொள்ளும் பணிவும், உரிமையோடு முறையிடும் துணிவும் அவர் பதிகங்களில் ஒருங்கே காணப்படுகின்றன. இவ்வரலாற்றிலுள்ள அற்புதங்களை ஆராய்ச்சியாளர் எவ்வாறு கொண்டாலும், கண்ணிழந்த துயரம் அவர் வாக்கிலேயே பதிவாகி இருக்கிறது.

பார்வையிழந்தவர் செல்ல வேண்டிய ஊர், சோழநாட்டுத் திருவாரூர். வழியோ நெடியது. வழிகாட்டுவோர் துணையோடு மேற்கு நோக்கி நடந்து, வடதிருமுல்லைவாயிலை அடைந்து பாடினார். சங்கிலிக்காகத் தம் கண்ணைக் கொண்டதை அங்கே இறைவனிடம் எடுத்துக் கூறித் துயர் களையுமாறு வேண்டினார். கண் கிடைக்கவில்லை. மேலும் நடந்து திருவெண்பாக்கம் வந்து சேர்ந்தார். ஒற்றியூரிலிருந்து அது ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர்த் தொலைவு. முன்பு மலைபோல் நெல்லைப் பெற்றவர், இப்பொழுது மண்ணைத் தடவித் தடவி அவ்வழியைக் கடந்தார்.

திருவெண்பாக்கத்துக் கோயில் முன் நின்று அவர் கேட்ட கேள்வி மிகச் சிறியது. கோயிலுக்குள் இருக்கின்றீரா என்பதே அது. நெஞ்சு நொந்த அடியவர் எல்லாரும் ஒருநாள் கேட்க நேரும் கேள்வி அது. உள்ளிருந்து விடை வந்தது. இருக்கின்றோம், நீர் போகலாம் என்னும் பொருளில், அயலாரிடம் பேசுவதுபோல் அமைந்த விடை. அதனோடு கண் வரவில்லை, ஊன்றுகோல் ஒன்றே கிடைத்தது.

சினத்தால் சுந்தரர் அக்கோலை வீச, அது நந்தியின்மேல் பட்டு அதன் கொம்பு ஒடிந்தது என்பது அவ்வூர் வழக்கு. இருளில் சென்ற அடியவருக்கு அம்மை மின்னல்போல் ஒளிகாட்டினார் என்றும் கூறுவர். இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்றும், அம்மைக்கு மின்னொளியம்மை என்றும் பெயர் வழங்குவது இதனாலேயே. வழக்கு எவ்வாறாயினும், அவர் அவ்விடத்தே அமர்ந்துவிடவில்லை. பெற்ற விடையையே பதிகமாகப் பாடிவிட்டுக் கோலை ஊன்றி நடந்தார். இறைவன் இருக்கின்றார் என்பது தெரிந்துவிட்டது. கண் தருவாரோ மாட்டாரோ என்பது தெரியவில்லை. தெரிந்த ஒன்றைத் துணையாகக் கொண்டு தெரியாத வழியில் சென்றார்.

அந்தப் பழைய திருவெண்பாக்கம் இன்று காண்பதற்கு இல்லை. சென்னை நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைப் போக்க, மேயராக இருந்த தீரர் சத்தியமூர்த்தி முயன்றதன் பயனாகக் கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டியில் அணை எழுந்தது. 1943 ஆம் ஆண்டு அவர் மறைந்தார். 1944 ஆம் ஆண்டு அணை நிறைவுற்று, அவர் பெயரையே பெற்றது. பெருகிய நீரில் பழைய கோயில் இருந்த இடம் மூழ்கியது. திருமேனிகளை எடுத்துவந்து பூண்டியில் புதுக்கோயில் அமைத்தனர். கையில் கோல் ஊன்றி நிற்கும் சுந்தரர் திருவுருவும் அங்கே உள்ளது. 1996 ஆம் ஆண்டு முதல் கிருட்டிணை நீரும் கால்வாய் வழியே அவ்வேரிக்கு வருகிறது. ஏரியைக் கடந்து செல்லும் கொசத்தலையாறு, ஒற்றியூருக்கு வடக்கே எண்ணூரில் கடலோடு கலக்கிறது. சுந்தரர் கண்ணிழந்து மேற்கே வந்த நிலத்தின் ஊடேதான் அவ்வாறு கிழக்கே செல்கிறது.

வெண்பாக்கத்திலிருந்து அவர் திருவாலங்காட்டை வணங்கினார். காரைக்காலம்மையார் தலையால் நடந்துவந்த அத்தலமும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்ததே. பின் காஞ்சியை அடைந்து திருவேகம்பத்தில் உருகி நின்றபொழுது இடக்கண் ஒளி பெற்றது. ஒரு கண் கிடைத்த மகிழ்ச்சியில் அவர் பாடிய பதிகத்தில் குறையோ முறையீடோ இல்லை. எம்மானைக் காணக் கண் பெற்றேன் என்ற களிப்பே ததும்புகிறது. பாதி பெற்றவர் முழுதும் பெற்றவர்போல் பாடியது நினைக்கத் தக்கது. சோழநாட்டில் திருத்துருத்திக் குளத்தில் நீராடி, உடலைப் பற்றியிருந்த பிணியும் நீங்கப் பெற்றார்.

திருவாரூர் வந்ததும் பழைய உரிமை மீண்டும் தலைதூக்கியது. அடியார் துன்புறக் கண்டும் வாளா இருப்பீரானால் நீரே நன்றாக வாழ்ந்துபோம் என்னும் கருத்துப்படக் கடிந்து பாடினார். தேவாரத்தில் இத்துணைக் கூர்மையான பதிகம் வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும் அப்பதிகத்திலும் தம்மை மீளா அடிமை என்றே கூறிக்கொண்டார். வலக்கண் அங்கே கிடைத்தது. சினந்திருந்த பரவையாரிடம் இறைவனே நள்ளிரவில் இருமுறை தூது நடந்து இணக்கம் செய்வித்தார் என்று பெரியபுராணம் கூறும். ஒற்றியூரில் விடப்பட்ட சங்கிலியாரின் பின்வாழ்வைச் சேக்கிழார் விரித்துரைக்கவில்லை. மகிழடியில் அவர் வருந்தி நின்ற தோற்றமே படிப்பவர் நெஞ்சில் நிற்கிறது.

சுந்தரர் பாடியவற்றுள் நூறு பதிகங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவை ஏழாம் திருமுறையாகத் தொகுக்கப்பட்டன. தம் இறுதி நாட்களில் அவர், தோழராகிய சேரமான் பெருமாளோடு மலைநாட்டுத் திருவஞ்சைக்களத்தில் தங்கியிருந்தார். அங்கிருந்து வெள்ளை யானைமீது கயிலை சென்றார் என்றும், சேரமான் குதிரைமீது உடன்சென்றார் என்றும் கூறுவர். அந்நாள் ஆடித் திங்கள் சுவாதி. அப்பயணத்தில் பாடிய கடைசிப் பதிகத்தைக் கடலரசனிடம் கொடுத்து, அஞ்சைக்களத்தில் சேர்ப்பிக்கச் செய்தார் என்பது வரலாறு.