ஐதராபாத் தந்த உதைபந்தாட்ட ஆசான்

கல்முனைக் கரையோரத்து மணலில் வெறுங்காலுடன் பந்துதைத்துப் பழகாத சிறுவர் அரியர். கல்லூரி மைதானத்துக்கு வந்த பின்னரே சப்பாத்தும் சட்டதிட்டமும் அவர்களை வந்தடைகின்றன. ஆதலின், வெறுங்காலுடன் ஆடப் பழகியதொரு தலைமுறையைப் பொறுப்பேற்று, ஆசியாவின் முதலிடத்துக்கு இருமுறை இட்டுச்சென்ற இந்தியப் பயிற்றுநர் ஜனாப் செய்யத் அப்துல் ரஹீமின் வரலாறு எம்மவர்க்கு அந்நியமானதன்று.

1909ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் திகதி பிறந்த அன்னார், உசுமானியாப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றுப் பள்ளியாசிரியராகப் பணியாற்றினார். 1943இல் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளரானார். நகரப் பொலிஸ் அணியின் பயிற்சியும் அவர் கைக்கு வந்தது. 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து அவ்வணி பம்பாயின் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. பயிற்சியிலும் அவர் ஆசிரியராகவே நின்றார். பந்தைத் தொட்டவுடன் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டுமென்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். பழகாத காலால் மாத்திரமே உதைக்க வேண்டுமென்ற போட்டிகளும் நடத்தினார். இதனை எமது மைதானத்தில் ஒரு மாலை ஆடிப்பார்த்தால், வலக்காலே கதியென்றிருக்கும் முன்னணி வீரர் சிலர் நாணுவர் என்பது எமது துணிபு.

1951இல் புதுடில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவின் இறுதியாட்டத்தில் ஈரானை 1-0 என வென்று அவரது அணி தங்கம் பெற்றது. மறுவருடமே கெல்சிங்கியிற் பேரிடி விழுந்தது. யூகோசிலாவியாவிடம் 10-1 என்ற தோல்வி! பலர் குளிரிலும் வெறுங்காலுடன் ஆடினர். உள்நாட்டில் தொண்ணூறு நிமிடத்துக்குக் குறைந்த ஆட்டங்களுக்கே பழகியவர்கள் அவர்கள். இப்பழியை ரஹீமின் தலையில் மாத்திரம் சுமத்துவது நேர்மையன்று. எனினும் பயிற்றுநர் அதிற் பங்கில்லாதவர் என்றும் நாம் கூறோம்.

1956இல் மெல்பேணில் அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று, ஒலிம்பிக் அரையிறுதி கண்ட முதல் ஆசிய அணியென்ற புகழை இந்தியா ஈட்டியது. நெவில் டி சூசா மூன்று கோல்கள் போட்டார். அரையிறுதியில் யூகோசிலாவியாவிடம் 4-1 எனவும், மூன்றாமிடத்துக்கான ஆட்டத்திற் பல்கேரியாவிடம் 3-0 எனவும் தோல்வி. இந்த நான்காமிடத்தைப் பாடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவ்விழாவிற் பங்குபற்றியவை பதினொரு அணிகளே. முதற்சுற்றில் ஹங்கேரி விலகியமையால் இந்தியா ஆடாமலே முன்னேறியது. எமது மதிப்பீட்டில் 1960இல் உரோமையில் ஹங்கேரியிடம் 2-1 எனத் தோற்று, பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்ட அணியே ஒருபடி சிறந்தது. ஆனால் அது பெருவிடமும் தோற்று, பிரிவின் கடைசியில் நின்றமையாற் பேசுவாரற்றுப் போயிற்று.

ஐதராபாத் வீரரை அவர் அதிகம் சேர்த்தார் என்ற முறைப்பாடும் உண்டு. அக்காலத்து ஐதராபாத் அணிகளின் வெற்றிகளை நோக்கின் அது பெருங்குற்றமாகத் தோன்றவில்லை. சொந்த மகன் ஹக்கீம் உரோமைக்குச் சென்ற அணியில் இடம்பெற்றும் களமிறக்கப்படவில்லை என்பதையும் முறையிடுவோர் எண்ணிப்பார்த்தல் நன்று.

1962இல் ஜகார்த்தாவுக்குச் சென்றபோது ரஹீமைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதலாட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. பின் தாய்லாந்தும் யப்பானும் வீழ்ந்தன. தலையிற் காயமுற்ற பின்காப்பாளர் ஜர்னைல் சிங்கைக் கட்டுடன் முன்னணியில் நிறுத்தினார் ரஹீம். அவரும் கோல் போட்டார். தாய்வான், இஸ்ரேல் நாட்டவர் விலக்கப்பட்டமையை இந்திய அதிகாரியொருவர் கண்டித்திருந்தமையால், செப்டெம்பர் 4ஆம் திகதி இறுதியாட்டத்திற் கூடிய பெருங்கூட்டம் இந்தியருக்கு எதிராகவே கூவியது. கோல் காத்தவர் தங்கராஜ் என்ற பெயரினர் என்பது எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் ஆளுக்கொரு கோல் போட, அதே தென் கொரியா 2-1 எனத் தோற்றது.

1963 ஜூன் 11இல் ரஹீம் மறைந்தார். அதன்பின் ஆசிய விழாவில் இந்தியா உதைபந்தாட்டத் தங்கம் பெறவில்லை. 1960க்குப் பின் ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. தமக்குப் பின் நிற்கவல்ல ஒரு முறைமையை அவர் விட்டுச்செல்லவில்லை என்பதே அவர்மீது சொல்லத்தக்க பெருங்குறை. அதற்கு அவகாசம் அளியாதது நோயா, அக்கறை காட்டாதது சங்கமா என்பதில் எம்முள்ளும் இரு கட்சிகள் உள. 2024இல் அவர் வாழ்வு மைதான் என்ற இந்தித் திரைப்படமாக வந்தது. அவரிடம் பயின்ற பானர்ஜி பின்னாளிற் கல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பாகான் ஆகிய இரு பெருங்கழகங்களுக்கும் பயிற்றுநராக இருந்தார்.