காட்டின் விருந்தினர்

நுழையும்முன்

தனி ஒருவரின் கால்நடைப் பயணம் ஒரு நாட்டின் சட்டத்திற்கு வித்தாக முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று ஜான் மியூரின் வாழ்க்கை. கையில் துப்பாக்கியின்றி, பையில் ரொட்டித் துண்டுகளும் தேயிலையும், இடுப்பில் ஒரு குறிப்பேடும் மட்டுமே கொண்டு மலைகளில் நடந்தவர் அவர். அவர் நடந்த மலைப்பகுதி இன்று யோசெமிட்டி தேசியப் பூங்காவாகத் திகழ்கிறது.

பிறப்பும் இளமையும்

ஜான் மியூர் 1838ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். 1849இல் அவருடைய குடும்பம் அமெரிக்காவின் விஸ்கான்சின் பகுதியில் குடியேறியது. தந்தையார் கண்டிப்பு மிக்கவர். காடு திருத்திக் கழனியாக்கும் கடும் உழைப்பில் மியூரின் இளமை கழிந்தது. பகலில் படிக்க நேரம் வாய்க்காததால், விடியலுக்கு நெடுநேரம் முன்பே எழுந்து நூல்களைக் கற்றார். மரத்தாலான கடிகாரங்களைத் தாமே செய்தார். பின்னர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து வேதியியலும் நிலவியலும் தாவரவியலும் பயின்றார். பட்டம் பெறும் முன்பே அங்கிருந்து வெளியேறினார்.

இருளில் பிறந்த உறுதி

1867ஆம் ஆண்டு இந்தியானாபொலிஸ் நகரில் வண்டி உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் பணியாற்றியபோது, கையிலிருந்த அரம் நழுவி அவரது வலக்கண்ணைக் குத்தியது. சில மணி நேரத்தில் இடக்கண்ணும் ஒளியிழந்தது. பல வாரங்கள் இருட்டறையில் கிடந்தார். இனி மலர்களையும் மரங்களையும் காணவே இயலாதோ என்னும் அச்சம் அவரை வாட்டியது. நல்வாய்ப்பாகப் பார்வை மெல்ல மீண்டது. மீண்ட கண்களைப் பொறிகளுக்கிடையே செலவிட அவர் விரும்பவில்லை. அவ்வாண்டே கென்டக்கியிலிருந்து புளோரிடாக் கடற்கரை வரை ஏறத்தாழ 1600 கிலோமீட்டர் தொலைவைத் தனியே நடந்து கடந்தார். 1868இல் கலிபோர்னியாவை அடைந்து, சியரா நெவாடா மலைத்தொடரை நோக்கி நடந்தார்.

கரடி கற்பித்த பாடம்

1869ஆம் ஆண்டுக் கோடையில் ஏறத்தாழ 2000 செம்மறியாடுகளை மலைப்புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்லும் பணியில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். ஆடுகளைப் பார்த்துக்கொள்ள வேறோர் இடையர் இருந்ததால், பல நாள்கள் மியூர் தனித்து மலையேற முடிந்தது. கார்லோ என்னும் நாய் மட்டுமே அவருக்குத் துணை.

சூலை மாதத்தில் ஒரு நாள் காலை, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் விளிம்பை நோக்கி நடந்துகொண்டிருந்தார். முன்னால் சென்ற கார்லோ திடீரெனத் தயங்கி, மோப்பம் பிடித்து, ஓசையின்றி அவருக்குப் பின்னால் ஒதுங்கியது. அருகில் கரடி இருப்பதை உணர்ந்த மியூர், மரங்களின் மறைவில் பதுங்கிச் சென்று எட்டிப் பார்த்தார். பூக்கள் நிறைந்த சிறு புல்வெளியில், விழுந்து கிடந்த மரத்தின்மேல் முன்கால்களை ஊன்றியபடி ஒரு பழுப்புநிறக் கரடி நின்றது.

மனிதனைக் கண்டால் கரடி ஓடிவிடும் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார். அது ஓடும் அழகைக் காண விரும்பி, கூச்சலிட்டுத் தொப்பியை வீசியபடி மறைவிலிருந்து பாய்ந்தார். கரடி ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, அவரை உறுத்துப் பார்த்தது. ஓட வேண்டியவர் தாமே என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. எனினும் ஓடினால் ஆபத்து என்றுணர்ந்து, அசையாமல் நின்று அதன் கண்களையே நோக்கினார். நெடுநேரமாகத் தோன்றிய அந்தச் சில கணங்களுக்குப்பின், கரடி மரத்திலிருந்து கால்களை எடுத்து, அவ்வப்போது திரும்பிப் பார்த்தவாறு நிதானமாக நடந்து மறைந்தது.

அடுத்தவர் வீட்டினுள் அழைப்பின்றி நுழைந்து ஆரவாரம் செய்தவரின் நிலை அன்று அவருடையது. உயிர்களைத் தொல்லை செய்யாமல் பொறுமையுடன் நோக்குவதே அவரது வழியாயிற்று. அருவியோரத்தில் வாழும் சாம்பல்நிறச் சிறு பறவையொன்று நீருக்குள் மூழ்கி, ஆற்றின் அடித்தரையில் நடந்து இரை தேடுவதைக் கூர்ந்து கண்டு எழுதினார். பைன் மரக்காய்களைக் கொய்து சேர்க்கும் அணில்களைப் பற்றியும் விரிவாக எழுதினார்.

உழைப்பும் உறுத்தலும்

அக்கோடையில் மற்றோர் உண்மையும் அவர் கண்ணில் பட்டது. மந்தை சென்ற இடமெல்லாம் பூக்களும் புல்லும் இளஞ்செடிகளும் அழிந்தன. தமக்குக் கூலி தந்த ஆடுகளே தாம் நேசித்த மலையைப் பாழாக்குவதைக் கண்டு அவர் உள்ளம் வருந்தியது. அவ்வருத்தமே பின்னாளில் எழுத்தாக மாறியது. 1890இல் அவர் எழுதிய இதழ்க்கட்டுரைகள் மக்களிடையே ஆதரவைத் திரட்டின. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் யோசெமிட்டி தேசியப் பூங்காவை அமைக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1892இல் சியரா கிளப் என்னும் அமைப்பு தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1903இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவருடன் மூன்று இரவுகள் அம்மலைகளில் தங்கினார். மாநிலத்தின் பொறுப்பில் இருந்த யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் 1906இல் தேசியப் பூங்காவுடன் இணைந்தது.

குறையும் தோல்வியும்

அப்பள்ளத்தாக்கு ஆளில்லாத காடன்று. அவாநீச்சி என்னும் தொல்குடியினர் அங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். 1851இல் படையினர் அவர்களை அங்கிருந்து விரட்டினர். கரடியிடம் மியூர் காட்டிய பரிவு, தொல்குடியினரைப் பற்றிய அவரது தொடக்ககால எழுத்துகளில் இல்லை. இக்குறையையும் சேர்த்தே அவரை அறிதல் வேண்டும்.

பூங்காவுக்குள் அமைந்த ஹெட்ச் ஹெட்ச்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு நீர் கொண்டுசெல்லும் திட்டத்தை அவர் பல்லாண்டுகள் எதிர்த்தார். நகரத்தின் தாகமும் மெய்யே. பள்ளத்தாக்கின் உயிர்வளமும் மெய்யே. 1913இல் அணைக்கு இசைவளிக்கும் சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் மியூர் மறைந்தார்.

அந்தப் பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியது. எனினும், ஒரு காட்டை இழக்கும் முன் அதற்காக வாதாட ஒருவர் வேண்டும் என்பதை அத்தோல்வி நாட்டுக்கு உணர்த்தியது. காட்டுக்குள் செல்லும்போது குரலைத் தாழ்த்தி, விலகி நின்று, உயிர்களை அவற்றின் போக்கில் விட்டு நோக்குவோம். கரடியின் முன் மியூர் கற்ற பாடம் அதுவே.