சுப்பாராவ்

ஆந்திர நாட்டுப் பீமவரத்தில் 1895 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12 ஆம் நாள் பிறந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இளமையில் கல்வி அவருக்கு எளிதிற் கைவரவில்லை. பள்ளியிறுதித் தேர்வில் இருமுறை தவறி, சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியிற் பயின்று மூன்றாம் முறையே தேறினார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை உடுத்த அவர்மீது ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவர் சினங்கொண்டார். அதனால், எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிட்டியது. உண்ட உணவு உடலில் ஒட்டாமல் குருதியை வற்றச் செய்யும் ஸ்ப்ரூ என்னும் குடல்நோய் அவர்தம் உடன்பிறந்தாரைக் கொண்டு சென்றது. அந்நோய்க்கு அன்று தக்க மருந்தில்லை. அக்குறை அவர் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது.

கடல் கடந்து அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரை அடைந்த சுப்பாராவ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற் பயின்றுகொண்டே, இரவில் மருத்துவமனையொன்றில் ஏவற்பணி செய்து பொருளீட்டினார். மருத்துவம் கற்றவர் நோயாளிகளின் கழிகலங்களைக் கழுவினார் என்பது எண்ணத்தக்கது. பிஸ்கே என்பாருடன் சேர்ந்து அவர் கண்ட பாஸ்பரஸ் அளக்கும் முறை இருவர் பெயராலும் இன்றும் வழங்குகிறது. 1940இல் லெடர்லி மருந்து நிறுவனம் புகுந்தார். அங்கே அவர் தலைமையில் 1945இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அது ஸ்ப்ரூ நோயாளரின் சோகையைத் தீர்த்தது. உடன்பிறந்தாருக்குக் கிட்டாத மருந்து, காலங்கடந்து, அவர் கையாலேயே உலகிற்குக் கிட்டியது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் தன்னுள் உறையும் மரபுப்பொருளைப் படியெடுத்துக்கொள்ளல் வேண்டும். அப்பணிக்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த சிட்னி பார்பர், குருதிப் புற்றுநோயுற்ற சிறாருக்கு அவ்வகைப் பொருளை அளித்தபோது, நோய் தணியாது மிகக் கண்டார். உணவு பெற்று வளரும் பகையை உணவை மறித்து ஒடுக்கலாம் அன்றோ? சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தார் ஃபோலிக் அமிலத்தின் அமைப்பைச் சிறிதே மாற்றி அமினோப்டெரின் என்னும் பொருளை ஆக்கினர். நெல்லைப் போலத் தோன்றும் பதர் அது. உயிரணுவிலுள்ள நொதி அதனை மெய்யென்று பற்றிக்கொள்ளும். பற்றியபின் எளிதில் விடாது. நொதி முடங்கவே மரபுப்பொருளின் படி முற்றுப்பெறாது. உயிரணு பிரியமாட்டாமல் மாயும். விரைந்து பெருகும் புற்றணுக்கள் இவ்வாறு அழியுங்கால், வாயிலும் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் விரைந்து பிரியும் நல்லணுக்களும் உடன் துன்புறும். இம்மருந்தின் கொடுமை இதுவே.

பார்பர் இம்மருந்தளித்த 16 சிறாருள் 10 பேரிடம் நோய் தணிந்தது. குருதிப் புற்று மருந்துக்குப் பணியுமென்று மருத்துவர் பலர் நம்பாத காலம் அது. ஆயினும், அந்நலம் நிலைக்கவில்லை. சில திங்களில் நோய் மீண்டது. இச்செய்தி 1948 சூன் திங்களில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53 ஆம் வயதில், சுப்பாராவ் அமெரிக்க மண்ணிலேயே உயிர் நீத்தார். அமினோப்டெரினுக்குப் பின் அதே ஆய்வுக்கூடத்திற் பிறந்த மெத்தோட்ரெக்சேட், பிற மருந்துகளோடு கூட்டிக் குருதிப் புற்றுற்ற குழந்தைகளுக்கு இன்றும் அளிக்கப்படுகிறது.