சுரங்கம் தந்த வீரர்

ஆடுகளத்திலே கொள்கைக்கு என்ன வேலை என்று கேட்போர் உண்டு. அவர்கட்கு நாம் பில் ஷாங்க்லியின் வாழ்வைக் காட்டுவோம்.

ஸ்காட்லாந்தில் க்ளென்பக் என்னும் நிலக்கரிச் சிற்றூர். 1913-இல் அங்கே பிறந்தார் ஷாங்க்லி. வீட்டிலே பத்துப் பிள்ளைகள்; ஆண்மக்கள் ஐவர். ஐவருமே பின்னாளில் பந்தாட்டத்தைத் தொழிலாகக் கொண்டனர். பதினான்கு வயதில் பள்ளி முடிந்தது. சுரங்க வேலை தொடங்கியது. பின்னர் சுரங்கமும் மூடப்பட்டது. வேலையற்ற வாலிபனுக்கு வாழ்வளித்தது கால்பந்து.

1932-இல் கார்லைல் அணி. அடுத்த ஆண்டே பிரெஸ்டன் அணி. எதிரியின் தாக்குதலைத் தடுத்துப் பந்தைப் பறித்து, முன்னணியினருக்குக் கொடுக்கும் வலது ஹாஃப் அவர். 1938-இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றார், தாய்நாட்டுக்காகவும் ஆடினார். ஆற்றல் மிகுந்த ஆண்டுகளை உலகப்போர் விழுங்கிற்று.

1949-இல் பயிற்சியாளரானார். பத்தாண்டுகள் சிறிய அணிகளோடு போராட்டம். 1959 டிசம்பரில் லிவர்பூல் அழைத்தது. துறைமுகத் தொழிலாளரின் ஊர். அணியோ இரண்டாம் பிரிவிலே கிடந்தது.

ஷாங்க்லி செய்தது என்ன? முன்பிருந்த உதவியாளர்களை விரட்டவில்லை. பெய்ஸ்லி, ஃபேகன், பென்னட் ஆகியோரை அணைத்துக்கொண்டார். ஆட்டக்காரர் அனைவரும் ஒரே பேருந்தில் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். ஒன்றாகவே திரும்ப வேண்டும். பந்தைக் கொடு, இடம் தேடி ஓடு, தோழனுக்குத் துணை நில். இதுவே பாடம். சுரங்கத்திலே ஒருவன் அசட்டையாக இருந்தால் அனைவர்க்கும் ஆபத்து. அந்தப் பாடத்தை அவர் புல்தரைக்குக் கொண்டுவந்தார். தாம் சோஷலிசவாதி என்பதை அவர் மறைத்ததே இல்லை.

விளைவு? 1962-இல் முதற்பிரிவு. 1964, 1966, 1973 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டம். 1965-லும் 1974-லும் எஃப்.ஏ. கோப்பை. 1973-இல் யூஃபா கோப்பை.

வெற்றி அவரை மக்களிடமிருந்து பிரிக்கவில்லை. ரசிகர்களின் கடிதங்களுக்குத் தாமே தட்டச்சு செய்து பதில் அனுப்பினார். 1973 வெற்றி விழாவில், ரசிகர் ஒருவர் வீசிய கழுத்துத்துணியைப் போலீஸ்காரர் காலால் ஒதுக்கினார். ஷாங்க்லி அதை எடுத்துத் தம் கழுத்திலே அணிந்து, அந்தப் போலீஸ்காரரைக் கண்டித்தார். ஏழையின் துணி அவருக்குப் பட்டாடை!

1974-இல் தாமே விலகினார். அணி சரிந்ததா? இல்லை! அவர் வளர்த்த பெய்ஸ்லி பொறுப்பேற்று 1977, 1978, 1981 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையை வென்றார். தனி மனிதனை நம்பாமல் அமைப்பைக் கட்டியவரின் வெற்றி அது. 1981 செப்டம்பரில் ஷாங்க்லி மறைந்தார்.

பின்னர் பந்தாட்டத்திலே பணம் புகுந்தது. 2016 பிப்ரவரியில், நுழைவுச்சீட்டு ஒன்றுக்கு 77 பவுண்டு வரை உயர்த்த லிவர்பூல் உரிமையாளர்கள் திட்டமிட்டனர். ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரமாயிரம் ரசிகர்கள் எழுந்து வெளியேறினர். சில நாட்களிலே உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு, திட்டத்தைக் கைவிட்டனர்.

ஆட்டம் யாருக்குச் சொந்தம்? ஷாங்க்லி வாழ்ந்து காட்டிய விடையை அவர் ஊர் மக்கள் மறக்கவில்லை. தோழர்களே, நாமும் மறவோம்!